கேட்பவரும் கேட்கப்படுபவரும்

பொதுச் சுகாதாரமோ சமூகப்பணியோ பயிலும் மாணவர்கள், பட்டம் கைக்கு வருவதற்கு முன், ஏதாவது ஓர் ஆராய்ச்சி நிலையத்திலோ தொண்டு நிறுவனத்திலோ சேர்ந்து, அங்கே நடந்துகொண்டிருக்கும் ஆய்வு ஒன்றில் சில காலம் உதவியாக இருந்து, ஓர் அறிக்கையும் எழுதிக் கொடுத்துச் சான்றிதழ் பெற்றுத் திரும்புவது இப்போது கல்லூரிகளில் ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. சம்பிரதாயமாகத் தொடங்கும் காரியங்கள் பெரும்பாலும் சம்பிரதாயமாகவே முடிகின்றன. அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் மாணவர் அனுப்பப்படும் இடம் திருநங்கையரின் உடல்நலத்தைப் பற்றிய ஆய்வாக இருந்துவிட்டால் விஷயம் வேறாகிறது. அங்கிருந்து வரும் களக் குறிப்பேடுகளைப் பல வருஷங்களாகத் திருத்திக் கொடுத்துவரும் ஆசிரியன் என்ற முறையில் நான் கண்டது இது: பக்கத்தின் நடுவே, கேள்வித்தாளின் வரிசைப்படி, வயது, படிப்பு, தொழில், வருமானம், நோய், சிகிச்சை என்று விடைகள் ஒழுங்காக நிற்கும், ஓரத்திலோ, பென்சிலால், அவசரமாக, விடை சொன்னவர்கள் திருப்பிக் கேட்ட கேள்விகள் கிறுக்கப்பட்டிருக்கும். 'இந்த மாத்திரைய நிறுத்திட்டா என்னம்மா ஆகும்?' 'ஆபரேஷன் ஆகி இத்தன வருஷமாச்சு, ஒண்ணுக்குப் போறப்ப ஏன் இன்னும் எரியுது?' 'நாப்பது வயசுக்கு மேல முட்டி தேயறது எங்க எல்லாருக்குமா, இல்ல எனக்கு மட்டுந்தானா?' கேள்வித்தாளில் இவற்றுக்கு இடமில்லை. ஆகையால் அறிக்கையிலும் இடமில்லை. என் அபிப்பிராயத்தில் அந்த ஆய்வுகளில் உருப்படியான பகுதி அந்த ஓரங்கள்தாம்.

ஆராய்ச்சி என்பது பல படிகள் கொண்ட ஒரு மாளிகை. உச்சியில், பணத்தைப் பெற்று வந்த முதன்மை ஆய்வாளர் இருப்பார்; அவருக்குக் கீழே புள்ளியியல் அறிந்தவர், களப்பணி மேற்பார்வையாளர், திருநங்கையர் சமூகத்திலிருந்தே வந்த களப்பணியாளர்கள் என்று வரிசை இறங்கிக்கொண்டே வந்து, கடைசிப் படியில் பயிற்சி மாணவி நிற்பாள். கேள்விகளை வகுத்ததில் அவளுக்குப் பங்கில்லை. முடிவுகளை எழுதும்போதும் பங்கிராது. ஆயினும், அந்த மாளிகையின் மேல்தளங்களில் இருப்பவர்கள் ஆய்வுக்குரிய மனிதரை எண்ணாகவும் சதவீதமாகவும் மட்டுமே சந்திக்க, ஒரு மணி நேரம் முழுதும் அவருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் கொடுத்த காப்பியைக் குடித்து, அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே, அந்தரங்கமான ஒரு கேள்வியைக் கேட்கவேண்டிய பொறுப்பு இந்தக் கடைசிப் படியில் இருப்பவள் தலையில் விழுகிறது. கேள்வி எங்கே தடுக்குகிறது, எங்கே பட்டு வலிக்கிறது என்பது அவளுக்குத் தெரிகிற அளவு வேறெவருக்கும் தெரியாது. அவளுக்கோ அதைச் சொல்ல அதிகாரமில்லை. ஆகவே பென்சிலை எடுக்கிறாள்.

இந்த நிலைமைக்கு நம் ஊரிலேயே ஒரு பூர்வ கதை உண்டு. அது திருநங்கையரைப் பற்றியதல்ல; ஆனால் பிற்காலத்தில் திருநங்கையர்மேல் விழுந்த ஆராய்ச்சி வெளிச்சம் முழுவதும் அந்த இடத்தில் ஏற்றிய விளக்கிலிருந்து வந்ததுதான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த நிர்மலா என்ற மாணவி, தம் பேராசிரியை சுனிதி சாலமனின் யோசனைப்படி, எய்ட்ஸ் நோய்க் கிருமி இந்தியாவுக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பதைத் தம் பட்ட ஆய்வுக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டார். அப்போது நம் நாட்டில் அந்த நோய் இருப்பதாக எவருக்கும் தெரியாது. இருக்காது என்பதே பலருடைய நம்பிக்கை. பாலியல் தொழிலில் ஈடுபட்டதற்காகக் காவலில் வைக்கப்பட்டிருந்த ஏறக்குறைய எண்பது பெண்களிடம் அவர் ரத்தம் எடுத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு ஐஸ் பெட்டியில் கொண்டுபோய்ச் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் கிருமியின் அடையாளம் தென்பட்டது. இந்தியாவில் எய்ட்ஸ் பற்றிய முதல் நிரூபணம் அதுவே. எது வருகிறதென்று தெரியாமல் இருந்த ஒரு தேசத்தை, ஒரு மாணவியின் பட்ட ஆய்வு விழித்துக்கொள்ளச் செய்தது. அதனால் தப்பிய உயிர்கள் எத்தனையென்று கணக்கிட முடியாது.

அந்தப் பெருமையில் ஒரு துளியையும் குறைக்காமலே இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தப் பெண்களிடம் என்ன நோய்க்காக ரத்தம் எடுக்கப்படுகிறது என்று சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள். இதைப் பல வருஷங்களுக்குப் பிறகு நிர்மலாவே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அக்காலத்து வழக்கம் அது. சம்மதப் படிவம், அறநெறிக் குழு என்றெல்லாம் இன்று மாணவர்களுக்கு நாம் மனப்பாடம் செய்விக்கும் விதிகள் அப்போது நடைமுறையில் வேர்கொள்ளவில்லை. கேள்வி தேசத்தினுடையது, ரத்தம் அந்தப் பெண்களுடையது. பின்னாளில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது, அவர்கள் திறந்துவைத்த அந்தப் பெரிய சரித்திரத்தின் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை.

1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. அதற்குப் பிறகுதான் நம்முடைய மருத்துவ ஆராய்ச்சி திருநங்கையர் பக்கம் திரும்பியது. அதுவும் நெடுங்காலம் அவர்களை அவர்களாக அன்றி, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் என்ற தொகுப்புக்குள் ஒரு கிளையாகவே எண்ணி வந்தது. தனிப் பிரிவாக எண்ணத் தொடங்கியபின் கிடைத்த கணக்குகள் அலட்சியம் செய்யத்தக்கவையல்ல. 2017-ஆம் ஆண்டுக் கண்காணிப்பில் நாட்டின் வயதுவந்தோர் அனைவரிலும் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏறக்குறைய 0.22 சதவீதம் என்றிருக்க, திருநங்கையரிடையே அது 3.14 சதவீதமாக இருந்தது. இப்படிப்பட்ட எண்ணைக் கண்டபின் அரசாங்கமும் வெளிநாட்டு நிதியும் அங்கே போய்க் குவிந்ததில் வியப்பில்லை. அந்த நிதியால் ஆணுறை வந்தது, மருந்து வந்தது, ஊருக்கு ஊர் சங்கங்கள் முளைத்தன, பிச்சையும் பாலியல் தொழிலும் தவிர வேறு ஜீவனோபாயம் இல்லாதிருந்த பலருக்கு, களப்பணியாளர் என்ற பெயரில் மாதச் சம்பளம் என்பதன் ருசி முதன்முதலாகத் தெரிந்தது. கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவுக்குக் கூடும் ஆயிரக்கணக்கானோரிடையே விழிப்புணர்வுக் கூடாரங்கள் எழுந்தன. நல்ல காரியங்கள்தாம் எல்லாம்.

ஆனால் ஒரு ஜனசமூகம் முழுவதையும் ஒரே நோயின் வாசல் வழியாகப் பார்க்கும் வழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால், அந்த வாசலை அகலப்படுத்துவதே முன்னேற்றம் என்று தோன்றிவிடுகிறது. திருநங்கையரின் உரிமைகளை முதன்முதலாக முழுக்குரலில் ஒப்புக்கொண்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014 ஏப்ரல் 15-இல் வந்தது. தத்தம் பாலினத்தைத் தாமே நிர்ணயித்துக்கொள்ளும் உரிமை அவரவருக்கு உண்டு என்று அவ்வளவு கம்பீரமாகச் சொன்ன அந்தத் தீர்ப்பே, ஆரோக்கியம் என்ற விஷயத்துக்கு வரும்போது தனி எச்.ஐ.வி. கண்காணிப்பு மையங்கள் வேண்டும் என்று கட்டளையிட்டது. 2019-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மருத்துவப் பிரிவை எடுத்துப் பாருங்கள்: அறுவை சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை, காப்பீடு, டாக்டர்களின் பாடத்திட்டத்தைத் திருத்துவது, அத்துறையில் ஆராய்ச்சியை வளர்ப்பது என்று நல்ல வாக்குறுதிகள் பலவும் அதில் உண்டு, அவற்றுக்கெல்லாம் முன்னால், முதல் உட்பிரிவாக, எச்.ஐ.வி. கண்காணிப்பு மையம்தான் நிற்கிறது. சட்டம் வரைந்தவர்கள் மனத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திராது. பழக்கம் கையை முந்திக்கொண்டது, அவ்வளவுதான். மாணவியின் கையிலுள்ள கேள்வித்தாளும் அந்தப் பழக்கத்தின் பேத்தியே.

இனி ஓரத்துக்கு வருவோம். மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டவரின் கேள்வி, எனக்குத் தெரிந்தவரை, அந்தக் குறிப்பேடுகளிலேயே மிக ஆழமான மருத்துவக் கேள்வி. நம் ஊர்களில் பெண்மைத் தோற்றம் வேண்டி டாக்டரிடம் போக வழியில்லாதவர்கள், மூத்த திருநங்கை ஒருவர் சொன்னதைக் கேட்டு, மருந்துக் கடையில் கருத்தடை மாத்திரைகளை வாங்கி, பெண்கள் நாளொன்றுக்கு ஒன்று விழுங்குவதை இவர்கள் இரண்டும் மூன்றுமாக விழுங்குவது நெடுநாள் வழக்கம். அந்த மாத்திரைகளில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடயால் என்ற செயற்கை ஹார்மோன், ரத்தம் நாளத்துக்குள்ளேயே உறைவதற்கு ஏதுவாகும். புகைபிடிப்பவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம். இதை நமக்குத் தெளிவாக்கியது ஆம்ஸ்டர்டாம் நகரம். அங்கே ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் 1972 முதல் பாலினம் மாற விரும்புகிறவர்களுக்குச் சிகிச்சை தந்துவருகிறார்கள். தந்ததோடு, அவர்களைத் தொடர்ந்து வரவழைத்துப் பரிசோதித்துக் குறித்தும் வைத்தார்கள். 2015 வரை அப்படிச் சேர்ந்தவர்கள் 6,793 பேர். அந்தக் குறிப்புகளிலிருந்து 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எத்தினைல் எஸ்ட்ராடயாலைத் தொடர்ந்து உட்கொண்டவர்கள் இருதய நாள நோய்களால் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்ததைக் காட்டியது. அதற்குள் அங்கே டாக்டர்கள் அந்த மருந்தைக் கைவிட்டு, உடலில் இயல்பாகவே உள்ள எஸ்ட்ராடயாலின் வடிவங்களுக்கு மாறிவிட்டிருந்தார்கள். இங்கே கருத்தடை மாத்திரை இன்னும் பெட்டிக்கடைச் சாமான் போல விற்கிறது.

ஆகவே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் கேள்வியின் ஆழம் இருக்கிறது. விரைகளை அகற்றிக்கொண்ட ஒருவர் எஸ்ட்ரோஜனையும் நிறுத்திவிட்டால், அவருடைய தேகத்தில் ஆண் ஹார்மோனும் இல்லை, பெண் ஹார்மோனும் இல்லை. எலும்பைக் காக்கும் காவல் இரண்டுமே போய்விடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஐம்பது வயதில் தொடங்கும் எலும்புத் தேய்வு இவருக்கு முப்பதிலேயே தொடங்கலாம். முட்டி தேய்வதைப் பற்றிக் கேட்டவரும் மாத்திரையைப் பற்றிக் கேட்டவரும் உண்மையில் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். இந்த விடை மருத்துவ நூல்களில் இருக்கிறது. தெருக்கோடியில் குடியிருக்கும் அவருக்கு அதைக் கொண்டுபோய்ச் சொல்ல எந்த ஆய்வும் ஏற்பாடு செய்யவில்லை. மாணவி சொல்லலாமா என்றால், கூடாது; அவள் டாக்டரல்ல, அரைகுறையாகத் தெரிந்ததைச் சொல்லி ஓர் உயிரோடு விளையாட அவளுக்கு உரிமையில்லை. 'எனக்குத் தெரியாதுக்கா, தெரிஞ்சவங்களக் கேட்டுட்டு வந்து சொல்றேன்' என்று சொல்லத்தான் அவளுக்கு இடமுண்டு. அப்படிச் சொன்ன பிறகு திரும்பிப் போவதற்கு ஆய்வின் கால அட்டவணையில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோமா என்பதே என்னைப் போன்ற ஆசிரியர்கள் பதில் சொல்லவேண்டிய கேள்வி.

அறுவையைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும். கேள்வித்தாளில் அது ஒரே வரி: பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவரா? ஆம், இல்லை. சமூகத்துக்குள் அதற்கு நிர்வாணம் என்று பெயர். அது ஓர் அறுவை மட்டுமல்ல, ஒரு பிறவி. முற்காலத்தில் தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கை, மயக்க மருந்தின்றி, தங்கள் தெய்வமான மாதாவை வேண்டிக்கொண்டு, ஒரே வீச்சில் அதைச் செய்வார். பிழைப்பதும் இறப்பதும் மாதாவின் கையில். பின்னர் தனியார் மருத்துவமனைகளில், பெரும்பாலும் ரகசியமாகவும் அவசரமாகவும், டாக்டர்கள் செய்யலானார்கள். எந்தக் கையால் ஆனாலும், நாற்பது நாள் உடம்பைப் பேணி, நாற்பதாம் நாள் மஞ்சள் பூசி நீராட்டிப் பால் ஊற்றும் சடங்கு செய்து, குருவும், குருவின் குருவான நானியும், சிஷ்யைகளான சேலாக்களும் சூழப் புதுப்புடவை உடுத்தி உட்காரவைக்கும் முறை ஜமாத் எனப்படும் அவர்களுடைய சமூக அமைப்புக்குள் உண்டு. மருத்துவமனைகள் எங்கும் தராத ஒரு பராமரிப்பு அது: இத்தனை நாள் இவளைத் தனியே விடக்கூடாது, இன்ன இன்னது உண்ணக் கொடுக்கவேண்டும், இன்னார் கூட இருக்கவேண்டும் என்ற விதி. அதே வேளையில், சிறுநீர்ப் பாதையின் வாய் நாளடைவில் சுருங்கிப் போவதும், சிறுநீர் தேங்கி எரிச்சலும் தொற்றும் வருவதும், சுருக்கத்தை மறுபடி மறுபடி விரித்துவிட வேண்டியிருப்பதும், அந்த நாற்பது நாள் கணக்குக்குள் அடங்காத தொல்லைகள். அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவையை இலவசமாகச் செய்ய நாட்டிலேயே முதலில் முன்வந்தவற்றுள் தமிழகம் உண்டு. 2008-இல் இங்கே அமைந்த நலவாரியம் இந்தியாவில் முன்மாதிரி இல்லாதது. அந்தப் பெருமையை நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். அறுவைக்குப் பின் ஐந்தாம் வருஷத்தில் அவருடைய சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்கும் ஒரு வரியைத்தான் நம் கேள்வித்தாள்களில் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டு இன்னொரு வேடிக்கை. வேடிக்கை என்று நாம் சொல்லலாம். அதைக் கையில் வாங்குபவருக்கு அப்படியல்ல. ஹீமோகுளோபின் ஆணுக்கு 13-க்குக் கீழே இறங்கினால் சோகை, பெண்ணுக்கு 12-க்குக் கீழே இறங்கினால் சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவை. எஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்டு ஆண் ஹார்மோனை அடக்கிய சில மாதங்களிலேயே திருநங்கையின் ரத்தம் பெண்ணின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆதாரில் ஆண் என்றிருப்பதைப் பார்த்து ஆய்வக ஊழியர் ஆண் கட்டத்தில் குறிப்பிட்டால், 12.4 உள்ள அவர் நோயாளி. பெண் கட்டத்தில் குறிப்பிட்டால் அதே எண்ணோடு அவர் ஆரோக்கியசாலி. சிறுநீரகத்தின் திறனைக் கணக்கிடும் சூத்திரத்திலும் இப்படி ஓர் ஆண், பெண் வேற்றுமை உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அது தசையின் அளவைப் பொறுத்தது, தசையோ ஹார்மோனைப் பொறுத்தது. இன்னொரு பக்கம், ஹார்மோன் எத்தனை வருஷம் எடுத்தாலும் திருநங்கைக்குப் புராஸ்டேட் சுரப்பி இருந்தே தீரும். கருப்பையை அகற்றிக்கொள்ளாத திருநம்பிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை வேண்டியே இருக்கும். தாடி வைத்த ஒருவர் மகளிர் நோய்ப் பிரிவின் பெஞ்சில் உட்கார்ந்து தம் முறைக்காகக் காத்திருக்க நம் மருத்துவமனைகளில் எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். புள்ளியியல் படித்த மாணவி இந்தச் சீட்டைப் பார்த்ததும், எண் பொய் சொல்லாது என்று வகுப்பில் தான் எழுதிக்கொண்ட வாக்கியத்தை நினைத்துக் கொஞ்சம் சிரித்துக்கொண்டால் நான் கோபிக்கமாட்டேன்.

எவரிடம் போய்க் கேட்பது என்பதும் எளிதான காரியமல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்கும் வெளியே குறிக்கப்பட்டவர்கள் இந்தியா முழுவதும் 4,87,803 பேர். தமிழகத்தில் 22,364 பேர். கதவைத் தட்டிய அந்நியரிடம் குடும்பத்தலைவர் சொன்ன விடையின் தொகை இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்புவது என்பது விளங்கும். பட்டியல் இல்லாத ஜனங்களிடையே மாதிரி எடுப்பதற்கென்று டக்ளஸ் ஹெக்கதார்ன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1997-இல் ஒரு யுக்தி வகுத்தார். முதலில் சிலரைப் பேட்டி கண்டு, அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் பெரும்பாலும் மூன்று கூப்பன்களைக் கொடுத்து, தமக்குத் தெரிந்தவர்களிடம் கொடுக்கச் சொல்வது. அந்தக் கூப்பனோடு வருகிறவர்களைப் பேட்டி கண்டு, அவர்களுக்கும் கூப்பன் கொடுப்பது. அழைத்தவருக்கும் வந்தவருக்கும் ஒரு சிறு தொகை. சூத்திரப்படி அழகான முறை. ஆனால் திருநங்கையர் உலகில் ஒருவருக்கொருவர் வெறும் தெரிந்தவர்கள் அல்லர். குரு, சேலா, நானி, ஒரே குருவின் சேலாக்களான குருபாய் என்று உறவால் பின்னப்பட்டவர்கள். கூப்பன் அந்த உறவின் கிளை வழியே ஓடுகிறது. குரு கொடுத்த கூப்பனைச் சேலா வேண்டாமென்று சொல்லமுடியுமா? 'குருதான் போகச் சொன்னாங்க' என்று வந்து உட்காருபவரிடம் இது உங்கள் சுயவிருப்பம்தானே என்று சம்மதப் படிவத்தை நீட்டும்போது, அந்தப் படிவம் எந்த உலகத்துக்காக எழுதப்பட்டது என்ற ஐயம் மாணவிக்கு எழாமல் இருந்தால் அவள் தூங்குகிறாள் என்று அர்த்தம். அந்த ஐயத்துக்குக் குரு-சேலா உறவின்மேல் இளக்காரம் காரணமாக இருக்கக்கூடாது. பெற்ற வீடு துரத்தியபோது சோறு போட்டது அந்த உறவு. மேலும், ஜமாத்தின் கிளைகளில் எங்கும் தொற்றாதவர்கள், கல்லூரியிலோ அலுவலகத்திலோ தனித்து ஒளிந்திருப்பவர்கள், ஏறக்குறைய எல்லாத் திருநம்பிகளும், கூப்பன் போகாத திசையில் இருக்கிறார்கள்.

வைத்திய சாஸ்திரம் தன் பார்வையைத் திருத்திக்கொண்டு வருவதையும் சொல்லாமல் விடக்கூடாது. பாலின உணர்வு உடலோடு பொருந்தாதிருப்பதை மனநோய்களின் அத்தியாயத்தில் வைத்திருந்த உலக நோய்ப் பகுப்பு, 2019-இல் ஏற்கப்பட்டு 2022 தொடக்கத்திலிருந்து அமலுக்கு வந்த பதினோராம் பதிப்பில் அதை அங்கிருந்து எடுத்துவிட்டது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் வழங்கிய உத்தரவில், இத்தகையவர்களை 'மாற்றிக் குணப்படுத்தும்' சிகிச்சைகளைத் தடை செய்யச் சொன்னார். தமக்கே இவ்விஷயத்தில் முன்முடிவுகள் இருந்தன என்று ஒப்புக்கொண்டு, மனநல ஆலோசகர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டு அந்த உத்தரவை எழுதினார். ஒரு நீதிபதி தம்மை மாணவராக வைத்துக்கொண்ட அந்தச் செயல், இந்தத் துறையில் பயிற்சி பெற வரும் எவரும் படித்துப் பார்க்கத்தக்கது. பாடப்புத்தகங்கள் மெதுவாக மாறுகின்றன. ஆசிரியர்கள் அதைவிட மெதுவாக.

பேசத் தெரியாதவர்களுக்காகப் பேசுகிறோம் என்ற ஒரு பாவனை ஆராய்ச்சியாளர்களுக்கு உண்டு. திருநங்கையர் விஷயத்தில் அது கொஞ்சமும் பொருந்தாது. திருநங்கை எழுத்தாளரான ரேவதி, தம் சுயசரிதையை எழுதுவதற்கு முன்பே, பெங்களூரில் ஓர் உரிமை அமைப்பில் வேலை செய்துகொண்டே தமிழகத்துத் திருநங்கையர் பலரைச் சந்தித்து அவர்களுடைய வாழ்க்கைகளைக் கேட்டு 'உணர்வும் உருவமும்' என்ற நூலாகத் தொகுத்தார். கேட்கப்படுபவரே கேட்பவராகவும் ஆனால் விடையின் நீளமும் நிறமும் எப்படி மாறுகின்றன என்பதற்கு அந்த நூலைவிட நல்ல பாடம் மாணவர்களுக்கு நான் அறியேன். டில்லியில் சமூக மருத்துவப் பேராசிரியையாக இருக்கும் திருநங்கையான அக்ஸா ஷேக், கொரோனா காலத்தில் ஒரு தடுப்பூசி மையத்துக்கே தலைமை வகித்தார். இவையெல்லாம் பெயர் தெரிந்த உதாரணங்கள். பெயர் தெரியாதவர்கள் களப்பணியாளர்கள். எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில் போகக்கூடாது, கடை கேட்டுவிட்டு, அதாவது கடைகளில் காசு கேட்டுவிட்டு, வந்து களைத்துக் கிடப்பவரை எப்போது எழுப்பலாம், மூத்தவர் முன்னே எப்படி வணங்கிப் 'பாம்படுத்தி' சொல்லவேண்டும், எந்தக் கேள்வியை ஜமாத்தின் தலைவியான நாயக் எதிரில் கேட்டால் விடை பொய்யாகும் என்பதெல்லாம் அவர்கள் மாணவிக்குக் கற்பிக்கிறார்கள். பயிற்சியின் உண்மையான ஆசிரியர்கள் அவர்கள்தாம். ஆனால் மாணவியின் சான்றிதழில் பேராசிரியர் கையெழுத்திடுகிறார். ஆய்வுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே இருக்கும் பெயர்வரிசையில் களப்பணியாளரின் பெயர் அரிதாகவே இருக்கும். மிகவும் தாராளமாக நடந்துகொண்டால் இறுதியில், சின்ன எழுத்தில், நன்றி. இது அநியாயம் என்று சொல்வதற்கு எனக்குத் தயக்கமில்லை. ஒருநாள் வருமானத்தை விட்டுவிட்டு வருகிறார் என்பதற்காகப் பேட்டி கொடுப்பவருக்கு ஈடு கொடுக்கலாமா, கொடுத்தால் அது ஆசை காட்டுவதாகுமா என்று அறநெறிக் குழுக்கள் நெடுநேரம் விவாதிப்பதைக் கேட்டிருக்கிறேன். பெயரைக் கொடுப்பது பற்றி அவ்வளவு நேரம் விவாதித்துக் கேட்டதில்லை.

ஆம்ஸ்டர்டாமின் சிறப்பு அங்கே சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒரே வாசலில் இருந்ததுதான். நோயாளி தம் உடம்புக்காக வந்தார். வந்ததனாலேயே குறிப்பு சேர்ந்தது. நம்முடைய ஆய்வோ வீடு தேடிப் போய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்துவிடுகிறது. இப்போது சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ஹார்மோன், அறுவை, மனநலம் ஆகியவற்றுக்கான டாக்டர்களைத் திருநங்கையர்க்கும் திருநம்பியர்க்கும் ஓரிடத்தில் காணும்படியான பிரிவு ஒன்று அமைந்திருக்கிறது; மதுரையிலும் அப்படியே. அடுத்த கோடையில் என்னிடம் வரும் மாணவரை, அனுமதி கிடைத்தால், கூப்பனும் கேள்வித்தாளும் இல்லாமல் அப்படிப்பட்ட ஒரு பிரிவுக்கு அனுப்பவேண்டும் என்றிருக்கிறேன். வருகிறவர்களுடைய சம்மதத்தோடு, ஹார்மோன் தொடங்கிய தேதி, என்ன மாத்திரை, எவ்வளவு, ஆறு மாதத்துக்கொரு முறை ஹீமோகுளோபின், பொட்டாசியம், ரத்த அழுத்தம், அறுவை ஆனவர்களுக்குச் சிறுநீர் போகும் விதம், அந்தந்த நாளில் அவர்கள் டாக்டரிடம் கேட்ட கேள்வி, இவற்றை ஒரு பேரேட்டில் ஏற்றுவது முதல் வேலை. இரண்டாம் முறை வரவேண்டியவர்களில் வராதவர்களை, களப்பணியாளர் ஒருவரோடு போய்ப் பார்த்து, பஸ் செலவா, வரிசையில் பட்ட அவமானமா, கடை கேட்கும் நேரத்தோடு மருத்துவமனை நேரம் மோதுகிறதா என்று விசாரித்து எழுதுவது இரண்டாம் வேலை. சில மாதங்களில் இதிலிருந்து அறிக்கைக்கு ஒரு முடிவும் கிடைக்காதே என்று மாணவர் முறையிடலாம், முறையீடு நியாயமானதே. முடிவு கிடைக்க ஐந்தாறு வருஷம் ஆகும். அதற்குள் அவர் வேறெங்கோ உத்தியோகத்தில் இருப்பார். பேரேட்டின் முதல் பக்கத்தில், அதை எழுதியவர்கள் என்ற தலைப்பின்கீழ், அவர் பெயருக்கு முன்னால் களப்பணியாளரின் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன்.